சமோவாவின் கடற்கரை ஊரும் 'சா' என்னும் சொல்லும்

பசிபிக் மாக்கடலின் தென்பகுதியிலே, பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஏறத்தாழப் பதினான்கு பாகையில், எரிமலைக் குழம்பு இறுகி உண்டான தீவுக்கூட்டம் ஒன்று உளது. அதற்குச் சமோவா என்பது பெயர். 1899-ஆம் ஆண்டில் மேனாட்டு வல்லரசுகள் இத்தீவுகளைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டன. கிழக்குப் பகுதி அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வசமாயிற்று. இன்றும் அவ்வாறே உளது. மேற்குப் பகுதி முதலில் ஜெர்மனியின் கீழும், 1914 முதல் நியூசிலாந்தின் கீழும் இருந்து, 1962-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் சுதந்தரம் பெற்றது. சவாயி, உபோலு என்னும் இரு பெருந்தீவுகளும் சில சிறு தீவுகளும் சேர்ந்த அந்நாட்டில் ஏறக்குறைய இரண்டு லட்சம் மக்கள் வாழ்கின்றனர். தீவுகளின் நடுவிடம் மலையும் காடும் ஆகலின், ஊர்களிற் பெரும்பாலன கடலோரத்திலேயே அமைந்தவை. அவ்வூர்களில் மக்கள் எங்ஙனம் வாழ்கின்றனர், அவர்தம் சமய நம்பிக்கை அவ்வாழ்க்கையுடன் எங்ஙனம் பின்னிக் கிடக்கின்றது என்பதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

சமோவா மொழியிலே 'சா' என்றொரு சொல் உண்டு. நம் செவிக்கு அமங்கலமாய் ஒலிப்பினும், அம்மக்களுக்கு அது மிக்க மதிப்புடைய சொல்லாகும். விலக்கப்பட்டது, தனியே ஒதுக்கி வைக்கப்பட்டது, ஆதலின் புனிதமானது என்னும் பொருள்கள் யாவும் அதனுள் அடங்கும். 'இங்கே இது செய்யலாகாது' என்று தடுக்குமிடத்தும் இச்சொல்லே வரும். ஞாயிற்றுக்கிழமைக்கும் 'சா நாள்' என்றே பெயர். மாலை ஜெபவேளைக்கும் 'சா' என்றே பெயர். தடையும் தூய்மையும் ஒரே சொல்லுக்குள் குடியிருத்தலை நினைவில் வைத்துக்கொண்டால், அவ்வூர் வாழ்க்கையின் பல முடிச்சுகள் எளிதில் அவிழக் காணலாம்.

முதற்கண் ஊரின் அமைப்பைக் கூறுவோம். ஊரின் நடுவே 'மலாயே' என்னும் வெளியிடம் ஒன்று இருக்கும். அதனைச் சூழ வீடுகள். பழைய முறையிற் கட்டிய வீட்டிற்கு 'ஃபலே' என்பது பெயர். நீள்வட்டமான கல்மேடை, அதன்மேல் மரத்தூண்கள், தூண்களின்மேல் கவிழ்த்த தோணிபோல் உயர்ந்த கூரை. சுவர் என்பதே கிடையாது. மழையும் காற்றும் வந்தால் தென்னங்கீற்றாற் பின்னிய தட்டிகளை இறக்கிவிடுவர். இக்காலத்திற் சிமிட்டிச் சுவரும் தகரக் கூரையுமாகப் பல வீடுகள் மாறியிருப்பினும், விருந்தினரை அமர்த்தவும் அவை கூட்டவும் சுவரில்லாத ஃபலே இன்னும் கட்டப்படுகின்றது. சுவரில்லாத வீட்டில் அண்டை வீட்டாரின் கண்ணுக்குப் படாத செயல் என்று ஏதும் இராது. ஊர்க்கட்டுப்பாடு அத்துணை இறுக்கமாயிருத்தற்கு இக்கட்டடமும் ஒரு காரணம் என்பது எம் கருத்து. இறந்தோரையும் தொலைவிற் கொண்டுசெல்லாது வீட்டின் முன்றிலிலேயே அடக்கஞ் செய்வர். குழந்தைகள் பாட்டனின் கல்லறைமீது அமர்ந்து விளையாடுவர்.

ஒவ்வொரு பெருங்குடும்பத்திற்கும் ஒரு தலைவர் உண்டு. அவரை 'மத்தாய்' என்பர். (சுவிசேஷகராகிய மத்தேயுவுக்கும் இப்பெயர்க்கும் யாதொரு தொடர்பும் இல்லை.) இப்பட்டம் தந்தையிடமிருந்து மூத்த மகனுக்குத் தானே இறங்குவதன்று, குடும்பத்தார் கூடிப் பேசித் தக்கவரைத் தேர்ந்து சூட்டுவது. ஆட்சிக்குச் செல்லும் வழி பணிவிடையே என்பது அவர்களுடைய பழமொழி. இளைஞன் பல்லாண்டு தோட்டத்திலும் கடலிலும் அடுப்படியிலும் தன் மத்தாய்க்கு ஊழியஞ் செய்த பின்னரே பட்டத்திற்கு உரியவனாகக் கருதப்படுவான். மத்தாய்மார் கூடும் ஊரவைக்கு 'ஃபோனோ' என்பது பெயர். எத்தூணின்கீழ் எவர் அமர்வது என்பது பரம்பரையாய் வகுக்கப்பட்டுள்ளது. கோலும் சாமரையும் தாங்கிய பேச்சுத்தலைவர்கள் எழுந்து பேசுவர். மிளகினத்தைச் சேர்ந்த 'அவா'ச் செடியின் வேரை நீரிற் கரைத்து, மதிப்பின் வரிசைப்படி கிண்ணத்தில் வழங்குவர். நாட்டு நிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இன்றும் தனியார்க்கு விற்கவியலாத குடும்ப நிலமாகவே இருப்பதனால், மத்தாயின் சொல்லுக்கும் ஃபோனோவின் தீர்ப்புக்கும் வெறும் மரியாதைக்கு மேற்பட்ட வலிமை உண்டு.

அன்றாட உணவு இரண்டிடங்களிலிருந்து வருவது. ஊரின் பின்னே மலைச்சரிவில் சேம்பு, வாழை, சீமைப்பலா, தென்னை. ஊரின் முன்னே கடல். கரைக்கும் பவளப்பாறைக்கும் இடையே ஆழமற்ற காயல் கிடக்கின்றது. நீர் வற்றும் வேளையிற் பெண்டிர் அங்கிறங்கி, கடலட்டை, மூரை, சிப்பி முதலியவற்றைத் திரட்டுவர். பாறைக்கு அப்பால் அலைகடலிற் சூரை மீன் பிடிப்பது ஆடவர் தொழில். பேய்க்கணவாய் பிடிக்கும் முறையொன்று சுவையானது. சோழியின் முதுகோட்டையும் ஒரு கல்லையும் சேர்த்துக் கட்டி, வால் வைத்து, எலிபோலச் செய்து நீரில் ஆட்டுவர். முன்னொரு காலத்திற் கடலில் மூழ்கவிருந்த எலியைப் பேய்க்கணவாய் தன் தலைமேல் ஏற்றிக் கரை சேர்த்ததாம். நன்றி கெட்ட எலியோ அத்தலையை அசுத்தப்படுத்திவிட்டு ஓடிற்றாம். அன்று மூண்ட சினம் இன்னும் ஆறாமையால், எலியுருவைக் கண்டதும் கணவாய் பாய்ந்து பற்றிக்கொள்ளும் என்பர். கதையை நம்பாதவரும் அத்தூண்டிலைக்கொண்டு கணவாயைப் பிடிக்கலாம்.

ஆண்டிற்கொருமுறை கடல் தானே விருந்திடும் நாளும் உண்டு. 'பலோலோ' என்பது பவளப்பாறையின் இடுக்குகளில் வாழும் ஒருவகைப் புழு. அது அக்டோபர் அல்லது நவம்பர் மாதத்தில், பௌர்ணமி கழிந்து ஏறக்குறைய ஏழாம் நாள், விடியுமுன்னர்த் தன் உடலின் பின்பகுதியை அறுத்து மேலே மிதக்கவிடுகின்றது. கருவணுக்கள் நிறைந்த அத்துண்டுகள் பச்சை நீலமும் பழுப்புமாய் நீர்ப்பரப்பை மூடும். ஊரெல்லாம் விளக்கும் வலையும் ஏந்திக் காயலில் இறங்கும். மோசோஓய் என்னும் மணமலரைத் தொடுத்துக் கழுத்தில் அணிந்து செல்வாரும் உளர். அதன் மணம் பலோலோவை அழைக்கும் என்பது நம்பிக்கை. கதிரவன் எழுந்ததும் துண்டுகள் கரைந்துபோம். ஆதலின் எல்லாம் ஓரிரு நாழிகைக்குள் முடிதல் வேண்டும். திங்களையும் பருவத்தையும் மலர்களையும் நோக்கி அந்நாளை முன்கூட்டிக் கணிக்கும் முதியோர்க்கு ஊரிற் பெருமதிப்பு உண்டு.

இனி, இம்மக்களின் பழைய சமயத்தைச் சிறிது நோக்குவோம். தங்கலோவா என்னும் படைப்புக் கடவுளை அவர்கள் அறிந்திருந்தனர். எனினும் அன்றாட வழிபாடு பெற்றவை ஊர்த்தெய்வங்களும் குடும்பத் தெய்வங்களுமே. ஒரு குடும்பத்தின் தெய்வம் ஆந்தையில் உறையும். மற்றொன்றின் தெய்வம் விலாங்கில், சுறாவில், ஆமையில். தன் தெய்வம் உறையும் உயிரை எவனும் உண்ணான். அயலான் உண்பதை அவன் தடுப்பதும் இல்லை. தோட்டத்தைக் காத்தற்கும் தெய்வம் துணையாயிற்று. ஜார்ஜ் டர்னர் என்னும் பாதிரியார் சமோவாவைக் குறித்து 1884-இல் வெளியிட்ட நூலில் இவ்வழக்கத்தை விவரித்துள்ளார். தென்னையின் உரிமையாளன் கீற்றினாற் சுறாவின் உருவம் பின்னி மரத்திற் கட்டித் தொங்கவிடுவான். அம்மரத்திற் கைவைப்பவன் அடுத்த முறை கடலில் இறங்கும்போது சுறாவுக்கு இரையாவான் என்பது பொருள். வேலியும் காவலும் இல்லாத நாட்டில், கடலுக்கு அன்றாடம் செல்ல வேண்டிய மனிதனை இதனினும் நன்றாய் அச்சுறுத்தவல்லது யாது?

கிறிஸ்து சமயம் 1830-ஆம் ஆண்டில் வந்தது. லண்டன் மிஷனைச் சேர்ந்த ஜான் வில்லியம்ஸ், ராரதொங்காத் தீவிலே தாம் கட்டிய கப்பலில் சவாயித் தீவின் சபபாலிஈ என்னும் ஊரில் வந்திறங்கினார். அவர் தனியே வரவில்லை. தஹீத்தி முதலிய தீவுகளைச் சேர்ந்த போதகர்கள் உடன் வந்தனர்; தொங்காத் தீவிலிருந்து ஊர் திரும்ப விரும்பிய ஃபாவுவேயா என்னும் சமோவா நாட்டுத் தலைவரும் அவர் மனைவியும் வழியிற் சேர்ந்துகொண்டனர். எவரிடம் முதலிற் பேசவேண்டும், எதனைச் சொல்லாது விடவேண்டும் என்று வில்லியம்ஸுக்குக் கற்பித்தவர் ஃபாவுவேயாவே. அக்காலத்துப் பெருந்தலைவர் மாலியெத்தோவா வைனூப்போ புதிய சமயத்தை ஏற்றார். நஃபனுவா என்னும் போர்த்தெய்வம் முன்னொரு மாலியெத்தோவாவை நோக்கி, 'உன் ஆட்சிக்குரிய முடி விண்ணிலிருந்து வரும், காத்திரு' என்று குறி சொல்லியிருந்ததாகவும், அக்குறியே நிறைவேறிற்றெனவும் சமோவா மக்கள் இன்றும் கூறுவர். பழைய தெய்வத்தின் வாக்கே புதிய சமயத்திற்கு வாயில் திறந்தது! தங்கள் தெய்வம் உறைந்த மீனைச் சமைத்து எல்லோர் முன்னிலையிலும் உண்டு காட்டுவதே பழைய சமயத்தைக் கைவிட்டதற்கு அடையாளமாயிற்று. முன்பு 'சா'வாக இருந்த மீன் அன்றோடு வெறும் மீனாயிற்று. 'சா' என்னும் சொல் மட்டும் வேறிடம் தேடிக் குடியேறிற்று.

பின்னர் மெதடிஸ்தர், ரோமான் கத்தோலிக்கர் முதலாய பிற சபையாரும் வந்தனர். 1844-இல் மாலுவா என்னுமிடத்திற் போதகர் கல்லூரி நிறுவப்பட்டது. 1855-இல் வேதாகமம் முழுவதும் சமோவா மொழியில் வெளிவந்தது. அக்கல்லூரியிற் பயின்றோர் துவாலு, தொக்கெலாவு, பாப்புவா முதலிய நாடுகளுக்குப் போதகராய்ச் சென்று பலர் அங்கேயே மாண்டனர். இச்சமய மாற்றத்தை வெள்ளையரின் செயல் என்று மட்டும் எழுதுவோர் இவர்களை மறந்துவிடுகின்றனர்.

போதகர்க்கு ஊரில் எவ்விடம் அளிக்கப்பட்டது என்பது கூர்ந்து நோக்கற்பாலது. பழைய சமோவாவில் உடன்பிறந்தாளுக்கும் உடன்பிறந்தானுக்கும் இடையே 'ஃபெயாங்காயிங்கா' என்னும் உடன்படிக்கை உண்டு. தமையனும் தம்பியும் உழைத்துப் பேணுவர். சகோதரியோ குடும்பத்தின் மானமும் ஆசியும் ஆவாள். அவளுடைய சாபத்திற்கு அஞ்சாத ஆண்மகன் இல்லை. போதகர் வந்தபோது, ஊரார் அவரைத் தலைவர்களுள் ஒருவராக்கவில்லை. சகோதரியின் அவ்விடத்தையே அவர்க்கு அளித்தனர். அதே பெயராலும் அழைத்தனர். ஆதலின் ஊரே அவர்க்கு வீடு கட்டித் தரும், உணவளிக்கும். ஊரின் சிறந்த மீனும் முதல் விளைவும் அவர் வாயிலுக்குச் செல்லும். அவரோ ஃபோனோவில் அமர்ந்து ஆணையிடுபவரல்லர், ஆசி கூறுபவர், சினமுற்ற தலைவரிடையே சமாதானம் செய்பவர்.

இப்பொழுது மாலைவேளைக்கு வருவோம். கதிரவன் சாயும் வேளையிற் சங்கு முழங்கும், அல்லது மணி ஒலிக்கும். பல ஊர்களில் எரிவாயு தீர்ந்த இரும்பு உருளையைக் கிளையிற் கட்டி, அதனையே மணியாகத் தட்டுகின்றனர். முதல் ஒலி கேட்டதும் யாவரும் வீடு திரும்புவர். வலையை உதறிக்கொண்டிருப்பவனும், பந்தாடும் சிறுவனும், கடைவாயிலிற் பேசி நிற்பவனும் விரைந்து செல்வர். பட்டம் பெறாத இளைஞர் ஒரே நிற அரையாடை உடுத்துச் சாலையோரத்தில் இடைவிட்டு இடைவிட்டுக் காவல் நிற்பர். வழிப்போக்கனும் வண்டியோட்டியும் அவ்வேளையில் நின்றே செல்லவேண்டும். இரண்டாம் ஒலியோடு ஜெபம் தொடங்கும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாட்டு, வேதவாசிப்பு, குடும்பத்தலைவரின் ஜெபம். சுவரில்லாத வீடுகளாகலின், ஒரு வீட்டின் பாட்டு மற்றொரு வீட்டின் பாட்டோடு கலந்து ஊர்முழுதும் ஒலிக்கும். ஏறக்குறையக் கால்மணி நேரம் சென்றபின் மூன்றாம் ஒலி எழும்; அடுப்பில் மீண்டும் தீ எரியும். இவ்வேளையைக் குலைப்பவனுக்கு ஃபோனோ தண்டம் விதிக்கும். பன்றியாகவோ, தகரத்தில் அடைத்த மீனாகவோ, பணமாகவோ அவன் குடும்பத்தார் அதனைச் செலுத்தவேண்டும். குற்றம் ஒருவனுடையதாயினும் தண்டம் குடும்பத்தினுடையது.

ஞாயிற்றுக்கிழமையில் விடியுமுன்னரே இளைஞர் எழுந்து 'உமு' மூட்டுவர். கற்களைத் தீயிற் காய்ச்சி, அவற்றின்மீது சேம்பும் சீமைப்பலாவும் மீனும், இளஞ்சேம்பிலையிற் பொதிந்த தேங்காய்ப்பாலும் வைத்து, இலைகளால் மூடிவிடுவர். ஊரெங்கும் புகை எழும். பின்னர் வெண்ணிற உடையில் ஆலயம் செல்வர், மீண்டு வந்து குடும்பத்தோடு உண்பர், உறங்குவர், மாலையில் மீண்டும் ஆலயம். பல ஊர்களில் அன்று மீன் பிடித்தலும் கடலில் நீந்துதலும் ஆகா. அக்டோபர் மாதத்து இரண்டாம் ஞாயிறு குழந்தைகளுக்குரியது. மற்றை நாட்களிற் பெரியோர் உண்டபின் உண்ணும் சிறுவர்க்கு, அன்று பெரியோரே பரிமாறிக் காத்திருப்பர்.

வலிய இக்கட்டுப்பாட்டின் நற்பயன்களை மறுத்தற்கில்லை. கொலை நிகழ்ந்தவிடத்தும் பழிவாங்கலைத் தடுக்கும் 'இஃபோங்கா' என்னும் முறையொன்று உண்டு. குற்றம் செய்தவனுடைய குடும்பத்தலைவர், நுண்ணிழைத் தாழைப்பாயினால் தம்மை மூடிக்கொண்டு, இழப்புற்றோர் வீட்டின்முன் வைகறையிற் சென்று தலைகுனிந்து அமர்வர். விறகும் கல்லும் இலையும் உடன் கொண்டுசெல்வர். 'எம்மைச் சுட்டு உண்ணினும் உண்ணுக' என்பது அவற்றின் பொருள். வீட்டார் எழுந்து வந்து பாயை நீக்கினால் மன்னிப்பு. நீக்கும்வரை வெயிலிலும் மழையிலும் அமர்ந்திருத்தல் வேண்டும். கடலைப் பொறுத்தவரையும் அப்பழைய விலக்கு பயன் தருகின்றது. 1990-களின் நடுவிலிருந்து பல ஊர்கள் தம் காயலின் ஒரு பகுதியை மீன் பெருகுதற்பொருட்டு ஒதுக்கி, ஃபோனோவின் ஆணையால் வலைவீசுதலைத் தடுத்துள்ளன. அரசாங்கத்து அதிகாரி பத்துப்பேர் தோணியிற் சுற்றினும் நடவாத காரியம் ஊரவையின் ஒரு சொல்லால் நடக்கின்றது.

ஆயினும், இதன் மறுபுறத்தையும் பேசாது விடுதல் நேர்மையன்று. ஆலயத்திற்கு ஒவ்வொரு குடும்பமும் அளித்த காணிக்கை எவ்வளவு என்பதைச் சபையார் முன்னிலையிற் பெயர்சொல்லிப் படிக்கும் வழக்கம் பல சபைகளில் உண்டு. பெயர் தாழாதிருத்தற்பொருட்டுக் கடன்பட்டுக் கொடுப்போரும், ஆக்லாந்திலும் சிட்னியிலும் உழைக்கும் மக்களுக்குச் சொல்லியனுப்பிப் பணம் வருவிப்போரும் உளர். போதகர் பெறும் காணிக்கைக்கும் வருமானவரி உண்டென்ற சட்டம் 2018-இல் நடைமுறைக்கு வந்தபோது, நாட்டின் மிகப்பெரிய சபை அதனை எதிர்த்து நின்றது. கொடுப்பவர் எவரும் கட்டாயப்படுத்தப்படவில்லை என்று சபையார் கூறலாம்; ஊரார் செவியிற் படிக்கப்படும் பட்டியலுக்குக் கட்டாயம் வேறு வேண்டுமோ?

இதனினும் கடினமானது, மாறுபட்ட நம்பிக்கையுடையோன் நிலை. ஊரில் எச்சபைகள் இருக்கலாம் என்பதையும் ஃபோனோவே முடிவு செய்துவந்தது. ஃபோனோவின் அதிகாரத்தை 1990-ஆம் ஆண்டின் சட்டம் உறுதிப்படுத்திற்று. நாட்டின் அரசியல் சாசனமோ பதினோராம் பிரிவில் ஒவ்வொருவர்க்கும் சமய சுதந்தரம் அளித்திருந்தது. இவ்விரண்டும் மோதாதிருத்தல் அரிது. சவாயியின் மேற்கு முனையிலுள்ள ஃபலேயாலுப்போ ஊரில், சிலர் தனியே கூடி வேதம் கற்றலை ஊரவை தடுத்தது. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 2003-இல் நீதிமன்றம், அத்தடை சாசனத்திற்கு மாறானது எனத் தீர்ப்பளித்தது. இறந்தோர் ஆவிகள் மறுவுலகிற்கு இறங்கும் வாயில் என்று முன்னோர் நம்பியதும், நஃபனுவாவின் இருப்பிடமும் இவ்வூரே என்பதை நினைத்துப் பார்க்கத்தகும். பின்னர் 2017-இல் சாசனத்தின் முதற்பிரிவு திருத்தப்பட்டு, சமோவா கிறிஸ்தவ நாடு என்று வெளிப்படையாக எழுதப்பட்டது.

ஊரவையின் பக்கத்து நியாயத்தையும் நாம் அறிவோம். ஓரூரிற் பத்துச் சபை எழுந்தால், இஃபோங்காவின் பாயை யார் நீக்குவர், காயலின் விலக்கை யார் மதிப்பர் என்று முதியோர் அஞ்சுகின்றனர், அவ்வச்சம் வீணன்று. ஆயினும், தன் நிலமும் தன் முன்னோர் கல்லறையும் உள்ள முன்றிலைவிட்டு, நம்பிக்கையின் பொருட்டு ஒருவனை வெளியேற்றுதல் இலேசான தண்டனையன்று. நகரமாகிய ஆப்பியாவில் அவனுக்குக் குடிக்கூலி வீடு கிடைக்கலாம், குடும்பநிலம் கிடைப்பதில்லை. மாலையிற் சாலையோரம் காவல் நிற்கும் இளைஞன், வீடுகளுள் இருப்போர் யாவரும் அமைதியாய் இருத்தலைக் காண்கின்றான். விரும்பி இருக்கின்றனரோ என்பதை அவன் காண வழியில்லை. நீதிமன்றத்தின் முடிபே சரியென நாம் துணிகின்றோம்.

வெளியேற்றம் வேறொரு வழியாலும் வந்தது. 2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் காலையில், கடலடி நிலநடுக்கத்தால் எழுந்த பேரலை உபோலுவின் தென்கிழக்குக் கரையைத் தாக்கிற்று. லலோமானு, சலேயாபங்கா முதலிய ஊர்கள் அழிந்தன. சமோவாவில் மட்டும் நூற்று நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். எஞ்சியோரிற் பலர் மேட்டு நிலத்திலுள்ள தத்தம் குடும்பத் தோட்டங்களில் வீடமைத்துக்கொண்டனர். கடலோரத்தில், மலாயேயைச் சூழ, ஒருவர் பாட்டு ஒருவர்க்குக் கேட்க வாழ்ந்தவர்கள், இப்போது சேம்புக் கொல்லைகளுக்கிடையே தனித்தனியே வாழ்கின்றனர். மீன் பிடிக்க மேட்டிலிருந்து இறங்கவேண்டும். முன்றிலிற் கிடந்த முன்னோரும் கீழேயே உள்ளனர். கடல் மேலும் உயருமென அறிஞர் கூறுதலின், இன்னும் பல ஊர்கள் இவ்வழியைப் பின்பற்ற நேரலாம். மணியைக் கூடுதலான மரங்களிற் கட்டுவது எளிது. தோட்டந்தோறும் காவலுக்கு இளைஞரை நிறுத்துதல் அத்துணை எளிதன்று. அங்கு மாலைவேளையில் ஒருவன் சேம்பு கிண்டுவதை விடுத்து வீட்டிற்குள் செல்வானாயின், சாலையில் நிற்பவனுக்கு அஞ்சி அவன் செல்லவேண்டியதில்லை.